ஊமைப் படத்தில் அவர் குரல்

என் வீட்டுக்காரருக்குக் காது போனது தொழிற்சாலையில். குண்டுகளை வெடிக்க வைத்துச் சோதிக்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவருக்கு வேறென்ன மிஞ்சும்? காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரே இரைச்சல் என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். தன் குரலே தனக்குக் கேட்காத மனுஷன் வாயைத் திறந்தால் எங்கள் பேட்டை வானவடி முழுக்கக் கேட்கும். போன தீபாவளிக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் எதிரில், உதட்டில் விரலை வைத்துக் காட்டி, "மெதுவாப் பேசுங்க, மானம் போவுது" என்று கத்திவிட்டேன். என் வாய் அப்படி. அன்றோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். சோறு போதுமா என்றால் ஒரு தலையசைப்பு, டீ வேண்டுமா என்றால் ஒரு தலையசைப்பு. தப்புதான் என்று அழுதும் பார்த்தேன். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

விமான் நகரில் வேலை பார்க்கும் கீழ்வீட்டுப் பெண், பழைய ஊமைப் படம் ஒன்றுக்கு இரண்டு பாஸ் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. பேச்சே இல்லாத படம், இவருக்கு ஒரு குறையும் தெரியாது என்று ரிக்ஷா வைத்து அழைத்துப் போனேன்.

என்னைப் பற்றி யோசிக்காமல் விட்டதுதான் என் மடத்தனம். படத்தில் ஆட்கள் வாயசைத்ததும், அவர்கள் பேசியது திரையில் இங்கிலீஷில் எழுத்தாக வந்தது. நானோ எட்டாம் வகுப்புத் தமிழ்ப் படிப்பு. இந்தியில் சண்டை போடுவேன், இங்கிலீஷில் ஒரு வரி படிக்க மாட்டேன். கிராமத்து ஆள் ஒருவன் மில் வேலைக்குப் பட்டணம் போகிறான், பெண்டாட்டி அழுகிறாள், அதுவரை புரிந்தது. பிறகு திருதிருவென்று விழித்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அவ எழுதுற லெட்டரை எல்லாம் இவன் அண்ணங்காரன் எடுத்து ஒளிச்சு வைக்கிறான்" என்றார்.

பத்து மாசம் கழித்துக் கேட்ட குரல். அரங்கமே திரும்பியது. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, உள்ளே குளிர்ந்துபோனது. திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் அவர் சொன்னார், நான் தலையாட்டினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இரண்டு தடவை உஷ் என்றார். இவருக்கு அது எங்கே கேட்கும்? மூன்றாம் தடவை அந்தப் பெரியவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அது இவர் கண்ணில் பட்டுவிட்டது. முகம் சுண்டிப்போனது.

நான் செய்ததையேதான் அந்த மனிதரும் செய்தார். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் தோளைத் தட்டி, இந்தியில் சொன்னேன்: "என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் சொன்னால்தான் எனக்குப் படம்."

நான் மன்னிப்புக் கேட்பதாக இவர் நினைத்துக்கொண்டார் போல. எழுந்து வாசல் பக்கம் நடக்கப் பார்த்தார். சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது போனால் இனி வாயே திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் பாதி எழுந்து, இவர் கையைப் பிடித்தார். திரையைக் காட்டினார், என்னைக் காட்டினார், சொல்லுங்கள் என்று வாயருகே கையை விரித்துக் காட்டினார்.

இவர் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். மில்காரன் கையில் கடைசியாக, ஒளித்து வைத்த கடிதங்களில் ஒன்று கிடைத்திருந்தது. திரை முழுக்க எழுத்து. இவர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"எம்மேல கோவமா? ஒரு வார்த்தையாவது எழுதுங்கன்னு எழுதியிருக்கா."

யாரும் உஷ் என்று சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவரிடம் சைகை காட்டினேன்.

இன்னும் சத்தமாகச் சொன்னார்.