சூசையின் கித்தார் ரிக்கார்டும் நானும்

பனியன் கம்பெனி வாசலில் நின்று பேசுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு முதலாளியைச் சமாளிப்பது சுலபம்; சொந்தச் சங்கத்து ஆளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். தோழர்களே, உங்களுக்கும் ஒருவன் வாய்த்திருப்பான். எனக்கு வாய்த்தவன் கட்டிங் மாஸ்டர் சூசை. அவனால் எனக்கு நேர்ந்தவை, வரிசைப்படி: ஒன்று, மூன்று முறை ஜெயிலுக்குப் போய் நான் வளர்த்த சங்கத்தில், சேர்ந்த மாதமே அவன் மேடை ஏறினான். இரண்டு, கித்தாரோடு ஏறினான். மூன்று, எனக்கு முன்னால் ஏறினான்.

காதர்பேட்டைக் கூட்டம்

ஆள் சேர்க்க அவன் அரை மணி நேரம் ஜாஸ் வாசிப்பான். பிறகு நான் பேசவேண்டும். அன்று தெரு கொள்ளாத ஜனம். நான் மைக்கைப் பிடித்து "பாட்டாளி வர்க்கமே" என்றதும் பாதித் தெரு காலி. முன்வரிசையில் இருந்த, பனியன் மடிக்கும் மருதாயி எழுந்து வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க தோழர், அவரு இன்னொருக்கா வாசிக்கட்டுங்களே? நீங்க பேசறது எங்களுக்கு மனப்பாடமுங்க."

என் நோட்டீஸ்

சூசைக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தவர் போத்தனூர் ரயில்வே கார்டு ஆல்பர்ட் மாஸ்டர். அவர் இறந்ததும், அவர் நினைவாகச் சூசை மெட்ராஸ் போய் ஒரு ரிக்கார்டு போட்டுவந்தான். அட்டையில் சூசையின் படம், சூசையின் பெயர். மாஸ்டர் பெயர் அடியில், எறும்பு அளவில். விடுவேனா? 'செத்தவர் பெயரில் சுயவிளம்பரம்' என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, ரிக்கார்டு விற்கும் மைக் செட் கடைக்காரர் என்னை வழிமறித்தார்: "உங்க நோட்டீஸப் படிச்சுட்டு ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க, ரிக்கார்டு தீந்துபோச்சுங்க. இன்னொரு நோட்டீஸ் போடுங்க."

இரண்டாம் பதிப்பு

தீர்ந்துபோன ரிக்கார்டை மெட்ராஸ் கம்பெனி மறுபடி போட்டது. பார்சல் சங்க ஆபீசுக்கே வந்தது. இந்தத் தடவை அவன் பெயர் இன்னும் பெரிதாக இருக்கும், பத்துப் பேர் நடுவில் மாட்டவைத்தால் இனி மேடைப் பக்கமே வரமாட்டான் என்று நினைத்தேன். பொதுக்குழுவில் எழுந்து, "சாட்சிகள் முன்னால் பிரிக்கவேண்டும். அட்டையில் உள்ள பெயரை உரக்கப் படிக்கவேண்டும்" என்றேன். தலைவர் பார்சலைப் பிரித்து ஒன்றை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். படம் இல்லை, சூசையும் இல்லை. ஒரே ஒரு பெயர். சூசை எழுந்தான்: "தோழர் நோட்டீஸ்ல எழுதுனது நியாயமுங்க. விரல்தானுங்க என்னுது, வாசிப்பு அவருது. படிங்க தோழர்."

இருபது வருஷ மேடைப் பேச்சில் ஜனம் எழுந்து நின்று எனக்குக் கை தட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் நான் படித்த இந்தப் பெயருக்கு: "ஆல்பர்ட் மாஸ்டர்."