நீலமாக ஒளிர்ந்த எங்கள் வீட்டுத் தண்ணீர்

குடிநீரைச் சோதிக்கும் ஒரு சிறிய லேபில் எனக்கு வேலை. தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து, சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் ஊற்றி மூடி, ஒரு நாள் முழுக்க இளஞ்சூட்டில் வைப்போம். பிறகு இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போடுவோம். மலத்திலிருந்து வரும் கிருமி இருக்கிற குழி நீலமாக ஒளிரும். ஒளிர்வதை எண்ணினால் கிருமி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது யார் வீட்டுத் தண்ணீரோ என்பதால் நான் முகம் சுளிக்காமல் எண்ணுவேன். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் இன்னும் வேகமாக எண்ணுவேன்.

புதிதாக ஒரு விளக்குப் பெட்டி வந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் ஏதாவது கொண்டுவரும்படி மேனேஜர் சொன்னார். லிங்கராஜபுரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைக் குழாயில் பிடித்துக்கொண்டு போனேன். மூன்று வருடமாக அதைக் காய்ச்சாமல்தான் குடித்துவந்தேன்.

மறுநாள் விளக்கைப் போட்டதும் தட்டில் பாதிக்கு மேல் நீலம். பாட்டில் மாறிவிட்டது என்று நினைத்து, மறுபடி வீட்டிலிருந்து பிடித்து வந்து வைத்தேன். அதுவும் நீலம். அன்று காலை அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்திருந்தேன். எச்சிலை விழுங்க முடியவில்லை. வாஷ்பேசினில் துப்பிக்கொண்டே நின்றேன்.

மாடியில் இருந்த வீட்டுக்கார ஆன்ட்டி தனி ஆள். அவரிடம் சொன்னபோது நம்பவில்லை.

"முப்பது வருஷமா இதே காவேரி தண்ணிதான்மா குடிக்கிறோம். யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு அடிக்கடி வயித்தால போகுதே ஆன்ட்டி."

"அது வயசாயிடுச்சு, அதனால."

இருந்தாலும் சனிக்கிழமை பிளம்பரை வரவழைத்தார். வாசலில் தரைக்கடியில் இருந்த சம்ப்பின் மூடியைத் தூக்கி, பாதித் தண்ணீரை இறைத்ததும் நாற்றம் கிளம்பியது. பிளம்பர் உள்ளே இறங்கி டார்ச் அடித்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டார்.

"இல்லி பாருங்க மேடம், செவுரு கசியுது. அந்தாண்ட உங்க டாய்லெட் சேம்பர்தானே?"

விரிசலிலிருந்து பழுப்பாக ஏதோ வழிந்து, சுவரில் கொழகொழவென்று படிந்திருந்தது. அவர் அதை விரலால் வழித்து மோந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அந்தக் கழிவுநீர்ச் சேம்பரில் வேறு யார் வீட்டுக் குழாயும் சேரவில்லை. ஆன்ட்டியுடையதும் என்னுடையதும்தான்.

ஆன்ட்டி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "இதுலதானேமா உனக்கு தினம் மோர் கலக்கிக் குடுத்தேன்" என்றார். அவர் பார்க்கக்கூடாதென்று வாசல் கேட்டுக்கு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

சேம்பரை இடித்து, சம்ப்பிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். சம்ப்பைக் கழுவிப் பூசினார்கள். இரண்டு முறை சோதித்தேன். ஒரு குழிகூட ஒளிரவில்லை. சொன்னதும் ஆன்ட்டி, "சர்ச்ல யார்கிட்டயும் சொல்லிடாதமா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஆனாலும் பல மாதம் அதைக் குடிக்க முடியவில்லை. ஆன்ட்டி வருத்தப்படுவாரே என்று, கடையில் வாங்கிய பாட்டில்களைக் கைப்பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பாட்டில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.