வலது ஓரத்துக்கு ஓடிய புள்ளி

பள்ளிக்கூட ஆய்வகக் கருவிகளை ரிப்பேர் செய்பவனுக்கு முதுகும் பொறுமையும் ஒரே வேகத்தில் தேயும். பெட்டி சுமந்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

அந்த வருஷம் ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் ப்ளஸ் டூ அறிவியல் பிரிவு கேட்டிருந்தார்கள். பார்வையிட வரும் அதிகாரிக்கு எலக்ட்ரான் கற்றை மின்புலத்தில் வளைவதைச் செய்து காட்ட வேண்டும். தவறினால் பிரிவு கிடையாது. பிள்ளைகள் வேலூருக்கு இறங்க வேண்டும். பெண்களை யாரும் அனுப்பப் போவதில்லை. காட்டியே தீருவது என்று, அந்தக் கற்றை திரையில் விழும் இடத்தைப் பச்சைப் புள்ளியாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஜீப்பில் இடம்

மலையடிவாரத்து அமிர்தியில் ஷேர் ஜீப் பிடித்தேன். பாதி வழியில், மலைச் சந்தைக்குப் புளிக்கூடைகளோடு ஓர் அம்மாள் ஏறினார். கால் வைக்க இடமில்லை. என் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் கூடையை ஏற்றினார்கள். போதாததற்குக் கோடை மழை வேறு. "டி.வி. பொட்டியா?" என்றார் அம்மாள். மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் பெட்டி என்றேன்.

"கோடு பாக்கறதுக்கா இம்மாந்தூரம் தூக்கினு வர்ற? படம் வர்றதா பாத்து வாங்கினு வந்துருக்கக் கூடாதா?"

காணாமல் போன புள்ளி

பள்ளியில் சுவிட்சைப் போட்டால் திரை நடுவில் பச்சைப் புள்ளி இல்லை. வலது ஓரத்தில் லேசான ஒளி மட்டும். மறுநாள் காலை அதிகாரி வருகிறார்.

திரைக்குப் பின்னாலுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் இடமும் வலமுமாக எதிரெதிரே இரண்டு தகடுகள், மேலும் கீழுமாக இன்னொரு ஜோடி. ஒரு ஜோடியின் இரண்டு தகட்டிலும் மின்னழுத்தம் சமமாக இருந்தால் எலக்ட்ரான் கற்றை நேரே போகும். ஒன்றில் குறைந்தால், நேர்மின் அதிகமுள்ள மற்றதன் பக்கம் வளையும். அப்படியானால் இடது தகட்டில் ஏதோ கசிகிறது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின்பக்கம் திறந்தேன். காற்றுத் துளை வழியாகப் புளித்தண்ணீர் இறங்கி, குழாயின் ஊசிகளுக்கு நடுவே பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்தேன். புள்ளி நகரவில்லை. மறுபடி துடைத்தேன், வெயிலில் காயவைத்தேன், மூன்றாம் முறையும் துடைத்தேன். சாயங்காலம் புள்ளி நடுவுக்கு வந்தது. கூடவே நின்ற இயற்பியல் ஆசிரியை மேரி டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"இந்தப் புளி மேட்டர் சிலபஸ்ல இல்லீங்களே சார்!"

நான்கு பேட்டரி

காலையில் அதிகாரி வந்தார். பள்ளியிலிருந்த பேட்டரிகள் எல்லாம் செத்திருந்தன. மகளைச் சேர்க்க மலைக்கிராமமான நெல்லிவாசல்நாட்டிலிருந்து நடந்தே வந்திருந்த விவசாயி ஒருவர், சாமைக் கொல்லையில் பன்றி விரட்டும் தன் டார்ச்சைத் திறந்து நான்கு பேட்டரிகளை நீட்டினார். ஒன்றை மேல், கீழ் தகடுகளோடு இணைத்தேன், புள்ளி மேலே ஏறியது. திருப்பி இணைத்தேன், கீழே இறங்கியது.

"நீங்க ஏதோ திருகுறீங்க," என்றார் அதிகாரி. எனக்குச் சுரீரென்றது. கையை விலக்கிக்கொண்டு, பேட்டரிகளை அவரிடமே கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவரே சேர்க்கச் சேர்க்கப் புள்ளி படிப்படியாக ஏறியது. ஆனாலும் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. "பிள்ளைங்க சேருவாங்களா?" என்று இழுத்தார். விவசாயி மகளை முன்னால் நிறுத்தினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்டரிகளை நீட்டினேன், விவசாயி வாங்கவில்லை.

"பேட்டரியும் இங்கியே இருக்கட்டும், பொண்ணும் இங்கியே இருக்கட்டுங்க. ரெண்டு வருஷம் கழிச்சி வர்றேன், ரெண்டும் வெளிச்சம் தரணும்."

எலக்ட்ரானை வளைக்க ஒரு பேட்டரி போதும். அதிகாரியின் பேனாவை அசைக்க நான்கு பேட்டரியும் ஒரு தகப்பனும் வேண்டும்.