பக்கத்துத் தோட்டத்தில் தகரச் சத்தம்

நாளைக்கு ஸ்பெயினிலிருந்து போனில் நேர்காணல். ஓட்டல் சமையல் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஸ்பானிஷில் ‘பேசு’ என்ற ஒரே வினைச்சொல்லோடு காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறேன். பேசுகிறேன் என்றால் ஆப்லோ. பேசினாய் என்றால் ஆப்லாஸ்தே. பேசுவேன் என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அப்போது பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் யாரோ கிளி விரட்டத் தகரம் தட்டினார்கள்.

என் அக்காவும் அப்படித்தான் தட்டுவாள். இந்தச் சின்னமனூரில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கடியில், புளித்த பழ வாசத்தில், ஒரு தட்டுக்கு ஒரு வரியாகப் பரீட்சைப் பாடத்தைக் கத்துவாள். பின்னாலேயே நான் ஓடுவேன்.

“கிளிய விரட்டுறியா, பாடம் நடத்துறியா தாயி?” என்பார் அடுத்த தோட்டத்துக்காரர்.

“அதுகளும் பாஸாகட்டுமே சித்தப்பா.”

போன மாதம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

சோற்றுத் தட்டை எடுத்துத் தட்டினேன். “ஆப்லாரே, ஆப்லாராஸ், ஆப்லாரா.” பேசுவேன், பேசுவாய், பேசுவாள். அவள் பேசட்டும் என்று ஆசைப்பட்டால் ஆப்லே. அதையும் சொன்னேன்.

“நிறுத்துலே. அவ கத்துற கணக்காவே இருக்கு” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

“நிறுத்துனா வேலை போயிரும்மா.”

முதலிலிருந்து தட்டினேன். 

“சத்தமாச் சொல்லுலே” என்றாள் அம்மா. “இங்கன சரியாக் கேக்கல.”