வீரசோழனில் வாங்கிய பேசும் பெட்டி

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. உட்கார்ந்தால் இரண்டு விஷயம் கையைப் பிடிக்கும். ஒன்று, இது என் மகளின் காரியம். ஊருக்குச் சொல்லலாமா என்பது. இன்னொன்று, நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குக் கோவையாக எழுத வருமா என்பது. ஆனால் நான் எழுதாமல் இருந்த காலத்தில் கதை தானாகவே வேறு மாதிரி பரவிவிட்டது. பாளையம்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் என் வீட்டுக் கதையை என்னிடமே சொன்னார். அம்மன் கனவில் வந்தாளாம், விடிந்ததும் பிள்ளை பேசியதாம். அப்படி நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "அப்ப நீங்களே எழுதிருங்கப்பா. நடந்தது மட்டும்," என்றாள். அம்மனைக் கும்பிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில், விசைத்தறி ஓடுகிற தெருவில் இருக்கிறது. முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தறி ஷெட்டு. இடையில் ஒரே சுவர். வீட்டுக்குள் கன்னடம் பேசுவோம், வாசலைத் தாண்டினால் தமிழ். வீட்டுப் பேச்சையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், தறி ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் எந்தப் பாஷையும் கிடையாது. காலையில் சுவிட்சைப் போட்டால் ராத்திரி வரைக்கும் சடசடவென்று ஒரே சத்தம். பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாம் வாயசைப்பும் கையசைப்பும்தான். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. கட்டைவிரலை உதட்டில் சாய்த்தால் தண்ணீர். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் கழிவு நூலை உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவோம். எறிபட்டவர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். வெளியூரிலிருந்து பெண் எடுத்தால், அந்தப் பெண் முதலில் பழகுவது இந்த நூலுருண்டையைத்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து அம்மன் கொடுத்த பிள்ளை என் மகள். நல்ல சூட்டிகை. நான் வாயை அசைத்தால் போதும், சொன்னதை எடுத்து வந்து தருவாள். நூலுருண்டை எறிவதில் எங்களை விடக் கெட்டிக்காரி. நாலு வயது நெருங்கியும் பேச்சு மட்டும் வரவில்லை. 'ம்மா', 'ப்பா' என்று உதட்டால் வருகிற ஒன்றிரண்டோடு சரி.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வீட்டில் ஒரு பாஷை, வெளியில் ஒரு பாஷை, பிள்ளை குழம்புகிறது என்றார்கள். தாமதமாகப் பேசுகிற பிள்ளை பிறகு நிறுத்தாமல் பேசும் என்றார்கள். நாங்கள் அம்மன் கோயிலில் தேன் வைத்துக் கும்பிட்டு நாக்கில் தடவினோம். கடைசியில் என் மனைவி நேர்ந்துகொண்டபடி, வெள்ளித் தகட்டில் நாக்கு ஒன்று வெட்டச் சொல்லி உண்டியலில் சேர்த்தோம். எந்த உறுப்புக்குக் குறையோ அந்த உறுப்பைச் செய்து அம்மனுக்குச் செலுத்துவது எங்களில் வழக்கம்.

அந்த வருஷம் பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். டீச்சரம்மா அன்பாகத்தான் கேட்டார்கள். "பாப்பா, ஒம் பேரென்ன?" இவள் அவர்கள் வாயையே பார்த்தாள். பிறகு மேஜை மேல் இருந்த பென்சிலை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள். டீச்சரம்மா எங்களைப் பார்த்து, "இப்ப சேத்தா மத்த பிள்ளைக கேலி பண்ணும். ஜூனுக்குள்ள நாலு வார்த்தை பேச வச்சுக் கூட்டிட்டு வாங்க," என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் என் மனைவி அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் தறியோடு போனவர்கள். இவளாவது படிக்கட்டும் என்றுதான் இருந்தோம். பேசாத பிள்ளையை எந்தப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது?

மதுரையில் இருக்கும் என் அக்கா அந்த வாரம் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏன்டா, ஒங்க வீட்டுல மனுசர் பேசுனாத்தானே பிள்ளை பேசும்? ரெண்டு பேரும் ஊமை நாடகம் ஆடிட்டு, பிள்ளையக் குத்தம் சொல்றீங்க," என்றாள். தன் வீட்டுக்காரம்மாவின் பேத்தியிடம் கையில் பிடித்து விளையாடுகிற ஒரு பெட்டி இருப்பதாகவும், படத்தைத் தொட்டால் அதன் பேரை அதுவே சொல்வதாகவும், அதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளை பேசிவிட்டதாகவும் சொன்னாள். "நீங்க பேச மாட்டீக. பேசுற மிஷினு ஒண்ணாவது வாங்கிக் குடுங்க."

அப்போதெல்லாம் அந்த மாதிரிச் சாமானுக்கு எங்கள் பக்கத்தில் வீரசோழன்தான். வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் நிறைய உள்ள ஊர். அங்கே ஒரு பாய், தைலம், சென்ட்டு, டார்ச் லைட்டு, விளையாட்டுச் சாமான் என்று எல்லாம் வைத்து விற்றார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருச்சுழி வழியாகப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் கருவேலங்காடு. சன்னலோரம் உட்கார்ந்து என் மகள் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தபடியே வந்தாள். அவளுக்கு அது ஒரு பழக்கம். வீட்டிலும் தறிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்குவாள். 'தறிக்காரன் மகடா' என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பாய் பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது, தண்ணீருக்குள் வளையம் மிதக்கிற விளையாட்டு. பொத்தானை அமுக்கி வளையத்தைக் குச்சியில் மாட்ட வேண்டும். "அதுல படிப்பு இருக்காண்ணே?" என்று என் மனைவி கேட்டாள். "அதுல தண்ணிதான்மா இருக்கு," என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார்.

இரண்டாவது சிவப்புப் பெட்டி. சத்தம் கிடையாது. ஒரு படத்துக்குக் கீழே விளக்கு எரியும். அதே படம் வேறு எங்கே இருக்கிறதோ அங்கே அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் சுற்றிலும் குட்டி விளக்குகள் ஓடும். மூன்றாவது மஞ்சள் பெட்டி. அக்கா சொன்னது அதுதான். பாய் அமுக்கிக் காட்டினார். நாய் என்றால் குரைத்தது, பசு என்றால் கத்தியது, பிறகு ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் பேர் சொன்னது.

"தமிழ்ல பேசாதாண்ணே?"

"தமிழ் தெரிஞ்சா அது ஏன் தங்கச்சி எங் கடையில தூசி தின்னுட்டுக் கெடக்கு? தாலுகா ஆபிசுல வேலைக்குப் போயிருக்காதா?"

நாங்கள் சிரித்தோம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தாள். பாய் அவளைக் குனிந்து பார்த்து, "என்ன, எங்க வாயவே பாக்குறீங்க? வெத்தலை வேணுமா?" என்றார். அவள் கையை நீட்டிச் சிவப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். பாய் ஒரு தரம்தான் காட்டியிருந்தார். இவள் விளக்கு எரிகிற படத்தைப் பார்ப்பதும் ஜோடியை அமுக்குவதும், ஒரு தப்பு இல்லை.

"பிள்ளை எடுத்ததையே வாங்குங்கண்ணே. வெளையாடப் போறது அவுகதானே," என்றார் பாய்.

"வெளையாட்டுக்கு வாங்கலை பாய், பேச்சுக்கு வாங்குறோம்," என்றேன்.

என் மனைவி தயங்கினாள். சிவப்பையும் மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது சும்மா கெடக்கு. பேசாத பிள்ளைக்குப் பேசாத சாமானா?" என்று அவளே கடைசியில் சொன்னாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. சிவப்புப் பெட்டியைக் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பஸ்ஸு ஸ்டாண்டு வரைக்கும் அழுதாள். பாய் பின்னாலேயே கூப்பிட்டுச் சொன்னார், "சேரலேன்னா அமாவாசைக்குக் கொண்டாங்க, மாத்திக்கிருவோம்." எங்கள் ஆட்கள் வேலைநாளில் வரமாட்டார்கள், அமாவாசைக்குத்தான் தறி நிற்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் புத்தி எங்களுக்கே தெரிந்தது. தறி ஓடுகிற வீட்டில் அந்தப் பெட்டி பேசுவது யாருக்குக் கேட்கும்? என் மனைவி அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். அங்கேயும் அரைகுறைதான். பிள்ளை என்னவோ பெட்டியை வெறுக்கவில்லை. ஆனால் அதை எல்லாப் பிள்ளைகளையும் போல வைத்து விளையாடவில்லை. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, குரல் வருகிற ஓட்டைப் பக்கத்தைத் தாடையில் வைத்து அழுத்திக்கொள்வாள். சில சமயம் பல்லில் வைப்பாள். "இங்க பாருங்க, இங்கிலீசைக் கடிச்சுத் திங்கிறா," என்று என் மனைவி வாயசைத்துச் சொல்வாள், நான் தறிக்கிட்ட நின்று சிரிப்பேன்.

அமாவாசை வந்தது. தறியை நிறுத்தித் துடைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினோம். அன்றைக்கு எங்கள் தெரு வேறு தெரு மாதிரி இருக்கும். காக்கை கத்துவது கேட்கும், அடுத்த வீட்டில் தாளிப்பது கேட்கும். சாப்பிட்டுவிட்டு நான் பாயில் சாய்ந்திருந்தேன். பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் தீர்ந்த தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கீழே கிடந்த மஞ்சள் பெட்டியை எடுத்தாள். காலில் மிதிபடாமல் மேலே வைக்கத்தான் எடுத்தாள். கை பட்டு, நாய் குரைத்தது.

நான் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். அத்தனை சத்தம். பிள்ளை அடுத்த குச்சியை எடுத்து வைத்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் அமுக்கினாள். பசு கத்தியது. பிள்ளை திரும்பவில்லை. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யோசித்துப் பார்த்தால், பின்னால் நின்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எங்கள் வீட்டில்தான் உருண்டை எறிவோமே. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். என் மனைவி சாமி மாடத்திலிருந்து மணியை எடுத்து வந்து அடித்தாள். கிட்டே போனேன். என் நிழல் குச்சிகள் மேல் விழுந்ததும் பிள்ளை திரும்பி, எங்கள் இரண்டு பேர் வாயையும் பார்த்து, என்ன என்று கையால் கேட்டாள்.

என் மனைவி மணியைக் கீழே வைத்தாள். "என்னங்க, நாம நாக்கை வச்சுட்டோம்," என்றாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காதில் ஏதோ மாட்டி, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். டாக்டர், "நாலு வயசு வரைக்கும் வீட்டுல ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டார். நான் தறியைச் சொன்னேன், வாயசைப்பைச் சொன்னேன், நூலுருண்டையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "மத்த வீட்டுல இந்தப் பிள்ளைக்குக் காது கேக்கலைன்னு ரெண்டு வயசுலயே தெரிஞ்சிருக்கும். ஒங்க வீட்டுல எல்லாருமே காது கேக்காதவங்க மாதிரிதானே இருந்திருக்கீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கேட்கும், சுத்தமாகக் கேட்காது என்றில்லை, காதுக்கு மிஷின் மாட்டிப் பழக்கினால் பேச்சு வரும், மெதுவாக வரும் என்றார்.

மறுபடியும் வீரசோழன் போனோம். பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிவப்புப் பெட்டியை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மஞ்சளையும் என் பக்கமே தள்ளினார். "இதையும் வச்சுக்கங்கண்ணே. மிஷினு மாட்டுன பெறகு தேவைப்படும். சேரலேன்னு யாரு சொன்னா?"

வெள்ளியில் காது வெட்டி அம்மனுக்குச் செலுத்தினோம். பூசாரி, "முன்ன நாக்குல்ல வச்சீக?" என்று கேட்டார். "அப்ப எங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியல சாமி," என்றேன்.

மிஷின் என்றால் இப்போது உள்ளது மாதிரி இல்லை. தீப்பெட்டியை விடப் பெரிய டப்பா. என் மனைவி தைத்த துணிப்பையில் நெஞ்சில் தொங்கும், அதிலிருந்து ஒயர் காதுக்குப் போகும். ஜூன் மாதம் அந்த டீச்சரம்மா பள்ளியில் சேர்க்கவில்லை. மதுரையில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில், அக்கா வீட்டில் வைத்துச் சேர்த்தோம். சிவப்புப் பெட்டியை வைத்து அவள் படம் அழிகிற வரைக்கும் விளையாடினாள். மஞ்சள் பெட்டியைத் தொட மாட்டாள் என்று நினைத்தேன். ஒரு அமாவாசைக்கு வீட்டுக்கு வந்தவள், அதை எடுத்துத் தாடையில் வைக்காமல், நெஞ்சில் தொங்கிய டப்பாவுக்கு நேரே பிடித்தாள். அமுக்கினாள். நாய் குரைத்தது. எங்களைப் பார்த்துத் தன் வாயால் ஒரு தரம் குரைத்துக் காட்டினாள். என் மனைவி சிரித்ததையும் அழுததையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிள்ளை குரைத்தது நாய் மாதிரி இல்லை. ஆனால் அது பெட்டியிலிருந்து கேட்டு அவள் சொன்னது.

பேச்சு டாக்டர் சொன்ன மாதிரி மெதுவாகத்தான் வந்தது. இன்றைக்கும் புதிதாய்க் கேட்பவர்களுக்கு அவள் பேச்சு பாதிதான் புரியும். எங்களுக்கு முழுக்கப் புரியும்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வெள்ளிக் காது வைத்ததும் காது திறந்தது என்று கூட்ட வேண்டாம். கேட்கிற வீட்டில் தகடு வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். எல்லாம் பொம்மை செய்த வேலை என்று குறைக்கவும் வேண்டாம். அன்றைக்குத் தறி நின்றது அமாவாசையால், என் மனைவி கை அந்தப் பொத்தானில் பட்டது அம்மன் செயலால் என்றுதான் நான் கும்பிடுகிறேன். தறி ஓடுகிற வீட்டில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று கேள்விப்பட்டால், தறியை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பின்னால் நின்று, நிழல் விழாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றது மறந்தாலும் இது மாறாமல் போய்ச் சேரட்டும்.