விரல் முட்டியில் விழுந்த அடி

“அடிச்சிட்டு இல்லைன்னு சாதிக்காதீங்க அண்ணி! விரல் வீங்கிப்போச்சு!”

“எனக்கென்ன பைத்தியமா? ரெண்டு கையும் மாவுல இருக்கு, பாரு!”

“அப்போ யாரு அடிச்சா? சுவரா?”

“சுவருக்கே பொறுக்கலையோ என்னவோ! நாலு வருஷமா அதே கேள்வி, அதே தப்பு!”

இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. மற்ற விஷயங்களில் சேர்ப்பவள்தான். இதில் சேர்க்கப் பயமாக இருக்கிறது. என் அடுப்படி ஜன்னல், அண்ணியோடு மல்லுக்கு நின்ற அந்த எதிர்வீட்டுப் பெண் படிக்கும் அறைக்கு நேரெதிர். மிச்சத்தைப் பிறகு அவளே சொன்னாள்.

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பரீட்சை’. அரசு வேலைக்கான தேர்வில் மூன்று தடவை இங்கிலீஷில் கவிழ்ந்தவள். ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். எந்தத் துண்டில் வினைச்சொல் தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் சறுக்குவாள். இந்தத் தடவையும் போனால் வயது தாண்டிவிடும். அப்புறம் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அந்த மாப்பிள்ளையை நானும் பார்த்தேன். பாவம் அவள்.

அண்ணி முணுமுணுத்தபடி போனதும், ‘பரீட்சை’ கதவைத் தாழிட்டு உட்கார்ந்தாள். பட்டப்பகல். ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ்’ என்று தொடங்கும் வாக்கியம். ‘இஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘ஆர்’ என்று இருந்த துண்டைச் சரியென்று தாண்டி, அடுத்ததில் பென்சிலை வைத்தாள்.

பட்!

மேஜையில் அல்ல... விரல் முட்டியில். ஸ்கேலை நிமிர்த்தி, விளிம்பால் அடிக்கிற அடி. அறையில் வேறு யாருமே இல்லை. சிவப்பாக ஒரு கோடு எழும்பியது.

அடுத்த கேள்வி. அதிலும் தப்பு.

பட்!

கூடவே ஒரு விசும்பல்... அழுது ஓய்ந்த பிள்ளையினுடையது போல. அடிப்பதும் அதுதான். அழுவதும் அதுதான்.

வேறொருத்தி என்றால் ஓடியிருப்பாள். இவளுக்குக் கோபம் முந்திக்கொண்டது.

“ஏய்! உன்ன யாரோ அடிச்ச ஆத்திரத்த என் மேல ஏன் காட்டுற? அடிச்சவங்களப் போய் அடி!”

விசும்பல் நின்றது.

கதவின் தாழ்... தானாக விலகியது.

யாரோ வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகு அடி விழவில்லை. அவளும் வெறியோடு படித்தாள். தேறினாள். வேலை கிடைத்து வேறு ஊர் போய், கூட வேலை பார்ப்பவரையே கட்டிக்கொண்டாள். அண்ணனும் அண்ணியும் வீட்டைக் காலி செய்த அன்று, வீட்டுக்காரம்மாவின் வாயைக் கிண்டினேன்.

முன்பு அந்த அறையில் ஒரு வாத்தியார் இங்கிலீஷ் ட்யூஷன் எடுத்தாராம். வினைச்சொல் தப்பினால் ஸ்கேல் விளிம்பால் முட்டியில் ஒரு போடு. ஒரு பெண் அடி தாங்காமல் அழுதுகொண்டே தெருவுக்கு ஓடி, லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாள். வாத்தியார் ராத்திரியோடு ராத்திரியாக மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

“இப்போ எப்படி இருக்காரு?”

“எங்க! பட்டப்பகல்ல தனியா இருந்தப்போ பத்து விரலும் உடைஞ்சு போச்சாம். எப்படின்னு டாக்டருக்கே தெரியலையாம்.”

என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார்.

‘பரீட்சை’ கத்திய அதே நாள்.

“இன்னும் தினம் அடி விழுதாம். சத்தம் வெளியவே கேக்குதாம்,” என்றார் வீட்டுக்காரம்மா. “மக வேற வீட்டுக்குப் போயிட்டா. அவரை அங்கேயே விட்டுட்டு.”