தாமதத்துக்கான காரணம்

என் அம்மாவின் பென்சனைத் தேடி நான் அலைந்தேன் என்றால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பேங்கில் பென்சன் பாரம் என்றாலே என்னைத்தான் கைகாட்டுவார்கள். நவம்பர் பிறந்தால், உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வரும் பெரியவர்கள் மூன்றாவது கவுன்டரில் என் முன்னால்தான் நிற்பார்கள். பக்கத்துக் கவுன்டர் காலியாகக் கிடந்தாலும் நகர மாட்டார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். காரியம் எல்லாம் முடிந்ததும் அப்பாவை ஆனையூருக்கு, என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பழங்காநத்தத்தை விட்டு வர மாட்டேன் என்றார். மாசாமாசம் செலவுக்காவது தருகிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"அவ பஞ்சு மில்லு பென்சன் என்னாச்சுன்னு பாரு. அது வந்தா வாங்கிக்கிறேன். ஒன் காசு எனக்கு வேணாம்."

பிடிவாதம் என்று எரிச்சல்பட்டேன். சர்க்கரை மாத்திரையை ஒருவேளை விட்டு ஒருவேளை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பி.எஃப். ஆபீஸில் கேட்டது நாலே கேள்வி. அம்மா மில்லில் எந்தப் பிரிவு? என்றைக்குச் சேர்ந்தார்கள்? எப்போது நின்றார்கள்? பி.எஃப். நம்பர் என்ன? ஊரார் விவரமெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறவன், நாலுக்கும் திருதிருவென்று விழித்தேன். மில் மூடி, இடத்தை பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அங்கே போய்க் கேட்கவும் ஆளில்லை.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர் எங்கள் கிளையிலேயே வேலை பார்த்த சீனியர். "அம்மா என்ன பண்றாங்க?" என்று அவர் கேட்டபோது, "வீட்டோடதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அம்மா முதல் ஷிப்டில் இருந்தாள். பெண் வீட்டார் வந்த அன்று அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை நானே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல் குனிந்து காட்டினாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மில் பேச்சே கிடையாது. கேட்டால் உண்மையாகிவிடும் என்பதுபோல நானும் எதையும் கேட்கவில்லை.

அப்பாதான் வழி சொன்னார். "கீழக்குயில்குடியில அவ கூட்டாளி இருக்கா. ரெண்டு பேரும் ஒரே நாள் நூல் சுத்துற ரீலிங்குல சேந்தாக. அவளுக்குத் தெரியும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வயதான பெண்மணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வாய்யா, மூணாம் நம்பர் கவுன்டர்!"

எனக்கு அவரைத் தெரிந்தது. ஒருமுறை பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தவர். "ஒங்கம்மா குடுத்து வச்சவ தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

மில் மூடிய பிறகு பென்சன் பாரத்தில் கையெழுத்துப் போட முதலாளி இல்லை. பேங்க் மேனேஜர் போட்டால் செல்லும் என்றார்கள். அந்த வருஷம் ஒருவர் பின் ஒருவராக, இவரையும் சேர்த்துப் பதினோரு பெண்கள் என்னிடம் வந்தார்கள். முதல் பாரத்திலேயே மில்லின் பெயரைப் பார்த்துவிட்டேன். 'எங்கம்மாவும் அங்கேதான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தலையைக் குனிந்துகொண்டு பதினோரு பாரத்தையும் அழகாக எழுதிக் கொடுத்தேன். நல்லவேளை, யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பாரம் கொண்டுவந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"எங்களையெல்லாம் அனுப்பிச்சு விட்டதே அவதானய்யா" என்றார் அம்மாவின் கூட்டாளி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. "'எம் மகன்னு அங்க போயிக் காட்டிக்கிறாதீக, அவனுக்குச் சங்கடம். கண்ணாடி போட்ட தம்பின்னு கேளுங்க, நல்லா எழுதுவான்'னா. எழுதி வாங்கிட்டு நேரா அவகிட்டதான் போவோம். ஒங் கையெழுத்தத் தடவித் தடவிப் பாப்பா. அம்புட்டுச் சந்தோசம்."

என் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. "எங்கம்மாவோட பாரம்?" என்று மட்டும் கேட்டேன்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். பாரம் இருந்தது. அடியில் அம்மாவின் கையெழுத்து. மேலே பி.எஃப். நம்பர். கூடவே அப்பாவும் அம்மாவும் ஸ்டூடியோவில் சேர்ந்து எடுத்த போட்டோ; இரண்டு பேருமே சிரிக்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மற்றக் கட்டமெல்லாம் காலி.

"நீதான் எழுதணும்னு சும்மாவே வச்சிருந்தா. பேங்குக்கு ஒரு நா வந்தாள்ல? அங்கேருந்து நேரா இங்கதான் வந்தா. 'கூட்டமா இருந்துச்சு, பெறகு எழுதிக்கலாம்'னு குடுத்துட்டுப் போனா. வீட்டுல வச்சா ஒங்கப்பா கேப்பாகளாம்."

அன்றைக்குக் கூட்டம் இல்லை. அம்மா நல்ல சேலை கட்டி, கையில் மஞ்சள் பையோடு வரிசையில் மூன்றாவதாக நின்றாள். எனக்குப் பெண் பார்த்த சீனியர் பக்கத்துக் கவுன்டரில் இருந்தார். நான் எழுந்து வெளியே போய், அவள் முழங்கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தேன். "வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்மா" என்றேன். "சும்மாதான்யா வந்தேன், நீ போய் வேலையப் பாரு" என்றாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றி, காசையும் நானே கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. எதற்கு வந்தாய் என்று கடைசிவரை கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நம்பர் கிடைத்ததும் வேலை மளமளவென்று நடந்தது. அப்பா பேரில் புதுப் பாரம் எழுதினேன். ஒன்றே ஒன்று பாக்கி. இத்தனை வருஷம் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அப்பா ஒரு கடிதம் தரவேண்டும்.

"அறியாமைன்னு எழுதிருங்க சார்" என்றார் பி.எஃப். ஆபீஸில் இருந்த பெண். "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. கேள்வி வராது."

எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு அதே வார்த்தையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழங்காநத்தம் வீட்டில் உட்கார்ந்து, அப்பா சொல்வதாக 'என் மனைவி' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டு 'என் மகனால்' என்று எழுதலாம். அதுதான் நிஜம். எழுதினால் ஆபீஸில் நூறு கேள்வி வரும், அப்பாவின் மாத்திரை இன்னும் தள்ளிப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அந்தக் காகிதம் எங்கள் கிளை வழியாகத்தான் போகும், அங்கே படிப்பார்கள் என்பது மீதிப் பாதி. இந்த வயதிலும்.

'என் மனைவி அறியாமையால் உரிய காலத்தில் விண்ணப்பிக்கவில்லை' என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டி மெதுவாகப் படித்தார்.

"அவளுக்கா தெரியாது?" என்றார்.

நான் பேனா மூடியைத் திருகினேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"சரி, எங்க கையெழுத்துப் போடணும்?"

இடத்தைக் காட்டினேன்.